வெளிநாட்டில் ஆமை வளர்க்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே, மருமக்களே,

ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் வீட்டுக்குள் ஆமை வளர்க்கிற எங்கள் ஊர் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கார்த்திகை பிறந்தால் போதும், வட்ஸ்அப்பில் ஆமைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். "மாமா, சாப்பிடுதில்லை." "சித்தப்பா, ஓட்டை அமத்தினால் மெத்துமெத்தெண்டு இருக்கு, இது நோர்மலோ?" நான் மிருக வைத்தியர் இல்லை. திருகோணமலையில் வயரிங் வேலை செய்கிற ஆள். எனக்கு ஆமை பிடிக்கும் என்பதும், லைட்டைப் பற்றிக் கேட்டால் அலுக்காமல் பதில் சொல்லுவேன் என்பதும் சொந்தக்காரருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஓடு மெத்தென்று இருந்தால் என்னிடம் கேட்டு நாளைக் கடத்த வேண்டாம். ஊர்வனவற்றைப் பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஆனால் ஆமைக்கு மேலே என்ன தொங்குகிறது என்பது என் தொழிலோடு சேர்ந்த விஷயம். அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க ஏலாது.

கேட்டால் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே பதில்: "வீடு முழுக்க ஹீற்றிங் ஓடுது மாமா, 22 பாகை. அதுக்கென்ன குளிர்?"

22 பாகை உங்களுக்குப் போதும். போர்வைக்குள் இருந்து படம் பார்க்கலாம். ஆமைக்கு வெயில் வேண்டும்.

எங்கள் உலர்வலயப் பற்றைக்காட்டில் நட்சத்திர ஆமை நாளை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் பற்றைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வரும். வெறும் மண்ணில் நின்று கழுத்தை நீட்டும். கால்களை அகலப் பரப்பி, தோல் மடிப்பெல்லாம் வெயில் படும்படி கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும். உடம்பு சூடேறிய பிறகுதான் மேயப் போகும். மண் கொதிக்கத் தொடங்கினால் திரும்பவும் பற்றைக்குள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நடுப்பகலில் தேடினாலும் காண மாட்டீர்கள். வெயில் சாய்ந்ததும் இன்னொரு சுற்று. மாரி மழை விழுந்தால் கணக்கே வேறு, பகலிலும் உலாவும். அந்தக் காலை வெயிலில் அது எடுத்துக்கொண்டது மூன்று சாமான்: வெளிச்சம், சூடு, யூவீபி கதிர் (வெயிலில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரில் ஒரு வகை). மூன்றும் ஒரே இடத்தில், மேலேயிருந்து வந்தன. போதும் என்றதும் விலகிப் போக நிழலும் இருந்தது. உங்கள் வீட்டு ஹீற்றர் இதில் எதைத் தருகிறது? காற்றைச் சூடாக்குகிறது. அதோடு சரி.

"ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே, வெயில் படுகிறதே" என்று சிலர் சொல்கிறீர்கள். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டையும் ஓரளவுக்கு விடும். யூவீபியில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். ஆமைக்கு அந்த யூவீபிதான் முக்கியம். தோலில் இருக்கிற ஒரு பொருளை அந்தக் கதிர்தான் விற்றமின் டி3 ஆகும் வழியில் திருப்பிவிடுகிறது. அங்கிருந்து டி3 ஆகி முடிய உடம்புச் சூடும் வேண்டும். டி3 இல்லாவிட்டால் நீங்கள் இலையில் தூவுகிற கல்சியம் பவுடர் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. இரத்தத்துக்குத் தேவையான கல்சியத்தை உடம்பு எலும்பிலிருந்தே உருவும். ஆமையின் ஓடும் எலும்புதான். மெத்துமெத்தென்ற ஓட்டின் கதை பெரும்பாலும் இதுதான்.

ஆகவே யூவீபி ரியூப் ஒன்று கட்டாயம். சுருள் சுருளான சின்ன பல்பை வாங்கி ஏமாற வேண்டாம். அது ஓரிடத்தில் மட்டும் தரும், கொஞ்சம் தள்ளிப் போனால் ஒன்றும் இல்லை. டி5 என்கிற நீளமான, மெல்லிய ரியூப், பின்னால் பளபளக்கிற தகட்டோடு, கூட்டின் நீளத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஹேர்மன், கிரேக்க ஆமை, நட்சத்திர ஆமை போன்ற வெயில் ஆமைகளுக்கு யூவீபி 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டது எடுப்பார்கள். எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும் என்று பெட்டியிலேயே படம் போட்டிருப்பான். அதை வாசிக்காமல் பெட்டியை எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இடையில் கம்பி வலை இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடலாம், ஆகவே வலைக்குக் கீழே பூட்டுங்கள். பக்கவாட்டில் பூட்டவே கூடாது. வெயில் மேலேயிருந்து வரும்போது புருவ மேடு கண்ணுக்கு நிழல் தரும், பக்கத்திலிருந்து அடித்தால் நேரே கண்ணுக்குள் போகும்.

இன்னொன்று: ரியூப் எரிகிறது என்பதற்காக யூவீபி வருகிறது என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் மெல்ல மெல்ல இறங்கிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். பூட்டிய திகதியை ரியூப்பின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். அளந்து பார்க்க மீற்றரும் இருக்கிறது, சோலார்மீற்றர் 6.5 என்பார்கள், யூவீ சுட்டெண்ணை, அதாவது புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்பதை, காட்டும். விலை கூட. ஒரு ஊரில் நாலைந்து பேர் ஆமை வளர்த்தால் சேர்ந்து ஒன்று வாங்கிக் கைமாற்றலாம். ஊர்வன எந்தளவு வெயிலில் நடமாடுகின்றன என்பதை பேர்கசன் என்பவரும் கூட்டாளிகளும் 2010இல் நாலு வலயமாகப் பிரித்தார்கள். திறந்த வெயிலில் காய்கிற ஆமைகளை மூன்றாம் வலயத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். குளிர்காய்கிற இடத்தில், ஓட்டின் உயரத்தில், சுட்டெண் 3, 4 அளவில் இருந்தால் நல்லது. திருகோணமலையில் உச்சிப் பொழுதில் அது 10ஐத் தாண்டும். அந்த நேரத்தில் எங்கள் ஆமை பற்றைக்குள் என்று முதலே சொன்னேன்.

இனி சூடு. இங்கேதான் கூடப் பிழை நடக்கிறது.

ஐரோப்பாவில் 2018 செப்டம்பருக்குப் பிறகு வீட்டுக்குப் போடுகிற சாதாரண ஹலோஜன் பல்புகள் கடைகளிலிருந்து குறைந்துபோயின. பழைய பல்ப் கருகியதும் பலர் அதே ஹோல்டரில் எல்ஈடியைப் பூட்டிவிட்டார்கள். வெளிச்சம் முன்னையை விடக் கூட, பில் குறைவு, எல்லோருக்கும் சந்தோசம். ஆமைக்கு மட்டும் அன்றோடு வெயில் நின்றுபோனது. எல்ஈடியைக் குற்றம் சொல்லவில்லை. கூட்டைப் பகல் மாதிரி வெளிச்சமாக்க அது நல்ல சாமான். முன்னால் அது சூட்டை வீசாது. அதற்கு ஹலோஜன் அல்லது பழைய மாதிரி இழை பல்புதான் வேண்டும், ஒடுங்கிய ஸ்பொட் இல்லாமல் அகலமாக விரிகிற ஃபுளட் வகை. ஸ்பொட் பல்ப் ஓட்டின் உச்சியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தைச் சுடும், கால்கள் குளிர்ந்தபடி இருக்கும். ஆமை உடம்பு முழுக்கச் சூடேறவில்லை என்று இன்னும் கிடக்கும், உச்சி வெந்துபோகும். ஆமை பெரிதென்றால் குறைந்த வாற் பல்ப் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். யூவீபி ரியூப்பும் இவற்றோடு ஒட்டியே இருக்கட்டும்.

பல்புக்குக் கீழே ஓட்டின் உயரத்தில் 32 முதல் 35 பாகை. எதிர்ப்பக்க மூலையில் ஹேர்மனுக்கும் கிரேக்க ஆமைக்கும் 22 அளவு, நட்சத்திர ஆமைக்கு 25 அளவு. எங்கள் கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் ஏழு சூடாக இருப்பது போல, கூட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சூடு படிப்படியாக இறங்க வேண்டும். எதில் நிற்பது என்பதை ஆமை பார்த்துக்கொள்ளும். அதற்கு இடம் வேண்டும். இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் எந்தப் பல்பைப் போட்டாலும் எல்லா மூலையும் ஒரே சூடுதான். மேலே திறந்த, அகலமான மரப்பெட்டி நல்லது. தொட்டிச் சுவரில் ஒட்டுகிற வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள், அது சுவரின் சூட்டைச் சொல்லும். வயர் நுனியில் உணரி உள்ள டிஜிற்றல் வெப்பமானியை ஆமை இருக்கிற இடத்திலேயே வைத்துப் பாருங்கள்.

கீழே விரிக்கிற ஹீற் மற் வேண்டாம். வயிற்றுப்பக்கச் சூட்டை ஆமை சரியாக உணராது, சுட்டுக்கொண்டும் அப்படியே கிடக்கும். சிவப்பு பல்ப், நீல பல்ப் இரவுக்கு என்று விற்பார்கள். ஆமைக்கு நிறம் தெரியும், சிவப்பு வெளிச்சத்தில் அதற்கென்ன இரவு? இரவு இருட்டாக இருக்கட்டும். ஹேர்மன், கிரேக்க ஆமைகளுக்கு இரவில் 15 பாகை வரை இறங்கினாலும் ஆரோக்கியமான ஆமைக்குப் பாதகமில்லை. நட்சத்திர ஆமைக்கு 20க்குக் கீழே விட வேண்டாம். அறை அதைவிடக் குளிர்ந்தால் வெளிச்சமில்லாத செரமிக் ஹீற்றர், தெர்மோஸ்ரற்றோடு. பகல் வெயிலுக்குப் பதிலாக அதைப் போடாதீர்கள், ஓட்டின் மேற்பரப்பைக் காய வைக்குமே தவிர உள்ளே இறங்காது.

வெளிச்ச நேரம் 12 மணித்தியாலம், ரைமரில். திருகோணமலையில் வருடம் முழுக்கப் பகல் 12 மணித்தியாலத்தைச் சுற்றித்தான், கூடினாலும் குறைந்தாலும் அரை மணித்தியாலம் சொச்சம். ஒஸ்லோவில் மார்கழிப் பகல் ஆறு மணித்தியாலம்தான் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீங்கள் ஒவ்வொரு வருடமும் அழுகிறீர்கள்.

மாரிக்காலத்தைப் பற்றி ஒன்று. ஹேர்மன், கிரேக்க ஆமைகள் குளிரில் உறங்குகிற இனம். நட்சத்திர ஆமையும், சுல்காட்டா என்கிற பெரிய ஆபிரிக்க ஆமையும் உறங்காது. உறங்கவிடுவதென்றால் மிருக வைத்தியரிடம் காட்டி, ஒழுங்காக, குளிர்ந்த இடத்தில் உறங்கவிடுங்கள். இல்லையென்றால் ஒழுங்காக வெயில் போட்டு விழிக்க வையுங்கள். நடுவில் 15, 18 பாகையில் ஒரு மூலையில் விட்டால் அதற்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. உள்ளே போன இலை செரிக்காமல் கிடக்கும், உடம்பில் சேர்த்து வைத்தது கரையும். "சாப்பிடுதில்லை மாமா" என்று வருகிற படங்களில் பாதி இந்தக் கேஸ்தான்.

பல்ப் காற்றையும் காய வைக்கும். குட்டி நட்சத்திர ஆமைக்கு வறண்ட காற்று ஆகாது, ஓட்டில் கட்டம் கட்டமாகக் கூம்பு எழும்பும். கீழே போடுகிற மண்ணை ஈரமாக வைத்திருங்கள், இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள்.

இப்போது என் தொழில். 100 வாற் ஹலோஜனைப் பிளாஸ்ரிக் ஹோல்டரில் பூட்டிய படம் ஒன்று போன மாரியில் வந்தது. ஹோல்டரின் விளிம்பு மஞ்சளாகி வளைந்திருந்தது. பீங்கான் ஹோல்டர்தான் போட வேண்டும். கிளிப்பில் கவ்வி நிற்கிற விளக்கை நம்ப வேண்டாம். கிளிப் நழுவினால் பல்ப் விழுவது வைக்கோல் மேலே. சங்கிலியில் தொங்கவிட்டு, இரண்டாவதாக ஒரு கம்பியும் கட்டுங்கள். ஹலோஜனுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்ரற், செரமிக்குக்கு விட்டு விட்டுக் கொடுக்கிற பல்ஸ் வகை. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். யூவீபி ரியூப்பைத் தெர்மோஸ்ரற்றில் கொடுக்கவே கூடாது, அது நேரே ரைமருக்கு. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்ரென்சனில் குவித்து, அதன் பக்கத்திலேயே தண்ணீர்த் தட்டையும் வைத்த ஆட்களை நான் பெயர் சொல்லவில்லை.

கடைசியாக, ஊரோடு சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம்.

பார்சலில் இங்கே ஆமை விளக்கு அனுப்ப வேண்டாம். கனடா பல்ப் 120 வோல்ற், இங்கே 230. பூட்டிப் பார்த்த பெடியனுக்கு முகத்துக்கு நேரே வெடித்தது, நல்ல காலம் கண்ணாடி போட்டிருந்தான். அது கிடக்கட்டும், வெளியில் இந்த வெயிலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஆமையை அடைத்து அதற்கு விளக்கும் எதற்கு?

மற்றது கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியது. லீவுக்கு வந்த இடத்தில் பிள்ளை ஆசைப்படுகிறது என்று நட்சத்திர ஆமைக் குட்டி கேட்கிறீர்கள். சிலருக்குப் பிடித்துக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. இலங்கையில் அது பாதுகாக்கப்பட்ட உயிர், பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2019இல், அருகிவரும் உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைற்றிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பிலும் ஏற்றிவிட்டார்கள், அதாவது காட்டில் பிடித்ததை வியாபாரத்துக்கு நாடு கடத்த வழியே இல்லை. சூட்கேசில் துணி சுற்றிக் கொண்டுபோனால் விமானநிலையத்தில் மாட்டுவது நீங்கள், செத்துப்போவது அது. வேண்டுமென்றால் அங்கேயே கூட்டில் பிறந்த ஆமையைப் பத்திரத்தோடு வாங்குங்கள். அதிலும் சுல்காட்டா வாங்குகிறவர்கள் இன்னொரு தடவை யோசியுங்கள், உள்ளங்கையில் இருப்பது நாற்பது கிலோவைத் தாண்டும், அதற்கு எந்தப் பல்பை எங்கே தொங்கவிடப் போகிறீர்கள்?

இனி ஆமைப் படம் அனுப்புகிறவர்கள் மூன்று விபரத்தையும் சேர்த்து அனுப்புங்கள்: பல்புக்குக் கீழே ஓட்டின் உயரத்தில் எத்தனை பாகை, எதிர் மூலையில் எத்தனை, யூவீபி ரியூப்பில் எழுதிய திகதி எது. ஹோல்டர் தெரிகிற மாதிரி ஒரு படமும் வேண்டும். இவை இல்லாமல் "மாமா, ஏன் சாப்பிடுதில்லை" என்று கேட்டால் நான் பதில் போட மாட்டேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து உங்கள் வயரிங் மாமா