நாம் திருத்தாமல் விட்ட ஒரு பத்திரிகை

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே ஐப்பசி மழை விடாமல் அடிக்கிறது. இரண்டாங்கட்டில் ஒழுகுகிறதே என்று மரப்பெட்டியை நகர்த்தினால், பின்னாலிருந்து ஐயா காலத்துக் காகிதக் கட்டு ஒன்று விழுந்தது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

அச்சு ஊடகம் எத்தனை வகை என்று உன் பேத்தி கல்லூரிக்காகக் கேட்டாளாமே. நாளிதழ், வார இதழ், புத்தகம், துண்டறிக்கை, சுவரொட்டி என்பதெல்லாம் அவள் பாடத்திலேயே இருக்கும். எனக்கு இந்தக் கட்டைப் பார்த்தபின் வேறு கணக்குத் தோன்றுகிறது. எந்தத் தாள் வீட்டில் எத்தனை நாள் தங்கியது? தினசரி மறுநாளே பலசரக்குக் கடையில் பொட்டலம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை ஆச்சிமார் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிவிடுவார்கள். பஞ்சாங்கத்துக்கு ஆணியில் ஒரு வருஷம். கல்யாணப் பத்திரிகையோ, மஞ்சள் தடவியதைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? அதனால்தான் இந்தக் கட்டில் முக்கால்வாசி அதுதான்.

நடுவில் 'ஊழியன்' இரண்டு இதழ் கிடைத்தது. 1920இல் நம்மூரில் 'தனவைசிய ஊழியன்' என்று கிளம்பியது. பிறகு பெயரிலிருந்த சாதி உதிர்ந்து வெறும் 'ஊழியன்' ஆயிற்று. தமிழறிஞர் ராய. சொ. (ராய. சொக்கலிங்கம்) ஆசிரியராக இருந்து நடத்தியது. புதுமைப்பித்தன்கூடக் கொஞ்ச நாள் அதில் வேலை பார்த்தார். 'சுதேசமித்திரன்' 1882இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி 1899இல் தினசரியானது சென்னைப் பட்டணத்தில். காரைக்குடி மாதிரி ஊருக்குச் சொந்தப் பத்திரிகை எதற்கு என்று கேட்டால், பாதி ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த காலம் அது. ஊர்ச்சேதி கப்பலேற வேண்டாமா?

பேரனிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். 'லை' வந்த இடமெல்லாம் தடுமாறுகிறான். தும்பிக்கை போட்ட பழைய லை. பெரியார் 1935லேயே தம் 'குடிஅரசு' இதழில் மாற்றிவிட்டார், அரசாணை வர 1978 ஆயிற்று. லை, ணை, னை ஒவ்வொன்றுக்கும் தனி ஈய எழுத்து, எழுத்துப் பெட்டியான கேஸில் தனிக் குழி. அது குறைந்ததில் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர்களுக்குத்தான் நிம்மதி.

அந்தக் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சகத்து வாசலில் நாம் நின்று வேடிக்கை பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? கம்போசிட்டர் இடது கையில் எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக், வலது கை பார்க்காமலே குழிக்குப் போய்வரும். வரியைத் தலைகீழாகவே படிப்பார். இப்போது ஆப்செட் வந்து எல்லாம் கம்ப்யூட்டர். ஈய எழுத்து எடைக்குப் போயிற்று.

'த்' குழியில் 'ந்' விழுந்து கிடந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். உன் அக்காள் கல்யாணத்துக்கு "மணமக்களை வாழ்ந்த வேண்டுகிறோம்" என்று ஐந்நூறு பத்திரிகை அடித்துக் கொடுத்தார்களே! புரூஃப் பார்த்தது யார் என்ற பஞ்சாயத்து இன்றுவரை தீரவில்லை. உங்கள் அப்பச்சி நம்மைப் பேனாவோடு உட்காரவைத்து, விடியவிடியத் திருத்தினோம்.

இப்படிப்பட்ட சில்லறைத் தாளை எல்லாம் குப்பை என்று நினைக்காமல் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. புத்தகத்தோடு நோட்டீஸ், அழைப்பிதழ் எதையும் விடவில்லை. 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இப்போது அது சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகம். பேத்தியை ஒருநாள் அங்கே போய்வரச் சொல்.

அப்புறம், கட்டின் அடியில் உன் அக்காள் பத்திரிகையும் ஒன்று இருந்தது. திருத்தவே இல்லை. விடியற்காலையில் நாம் தூங்கி விழுந்தபோது தப்பியதாக இருக்கும். இதனுடன் வைத்திருக்கிறேன். அக்காள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

உன்,
சுப்பையா