கையுறை யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே 5, கை சுகாதார தினத்தன்று மருத்துவமனை ஊழியர்கள் வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்த படங்களைப் பார்த்தேன். நல்ல விஷயம்தான். வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்; அதையொட்டிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு விவரம் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை கழுவ வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களைப் பயிற்சி மாணவிகூட மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். நோயாளியைத் தொடும் முன், ஊசி, கதீட்டர் போன்ற வேலைக்கு முன், ரத்தமோ சிறுநீரோ பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், கட்டிலைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். சோப்பு போட்டால் 40 முதல் 60 வினாடி, தண்ணீர் இல்லாமல் கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவமான ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30. பரீட்சை வைத்தால் எல்லோரும் பாஸ்.

ஆனால் வார்டில் நின்று பாருங்கள். வேலை முடிந்தபின் கழுவுவது பெரும்பாலும் நடந்துவிடும். சீழ் பட்ட கையோடு டீ குடிக்க யார் போவார்கள்? தொடும் முன் கழுவுவதுதான் விட்டுப்போகும். பின்னால் கழுவுவது நமக்காக, முன்னால் கழுவுவது கட்டிலில் கிடப்பவருக்காக. கோளாறு அங்கேதான்.

கையுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஜோடியோடு ஒரு கட்டிலில் சிறுநீர்ப் பையைக் காலி செய்து, அடுத்த கட்டிலில் ட்ரிப்ஸ் வேகத்தைக் குறைத்து, கேஸ் ஷீட்டில் எழுதி, அடித்த போனையும் எடுப்பார்கள். கேட்டால், "கிளவுஸ் போட்டிருக்கேனே அக்கா" என்று பதில் வரும். சரி, போட்டவருக்குப் பாதுகாப்பு. அடுத்த கட்டில்காரருக்கு? டாக்டர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ரவுண்ட்ஸில் கட்டிலுக்குக் கட்டில் ஸ்டெதாஸ்கோப் போகும், நடுவில் கை கழுவுவது அபூர்வம். பெரிய டாக்டரிடம் அதைச் சொல்ல எந்த ஜூனியர் நர்ஸுக்குத் துணிச்சல் வரும்?

முழுப் பழியையும் ஊழியர் தலையில் போடவும் மனம் வரவில்லை. ஒருத்தியே வார்டு முழுவதையும் பார்க்கும் இரவுகளில், ஒரே ஒரு வாஷ்பேசின் கடைக்கோடியில் இருந்தால் எத்தனை தடவை நடப்பாள்? ஹேண்ட் ரப் பாட்டிலோ, ஸ்டாக் குறைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று பீரோவில் பூட்டிக் கிடக்கும். அது கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள். விலைதான் தடை என்றால் ஆல்கஹால், கிளிசரால், ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து மருந்தகத்திலேயே தயாரிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே கொடுத்திருக்கிறது.

அப்புறம், யாரும் பேசாத ஒருவர் இருக்கிறார். குப்பை மூட்டை தூக்கும் ஒப்பந்தப் பணியாளர். போட்ட ஊசி, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். அவசரத்தில், ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி போடும் மஞ்சள் கழிவுப் பையில் விழுந்தால், போட்டவருக்கு ஒன்றும் ஆகாது. அன்று மாலை மூட்டையைக் கட்டித் தூக்குபவரின் தொடையில் குத்தும். எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று கண்டுபிடிக்கவும் முடியாது. எச்.ஐ.வி. சந்தேகம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். அது தெரியாமல், வேலை போய்விடும் என்ற பயத்தில் டெட்டால் ஊற்றிக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சியும் கட்டாயம் என்கின்றன. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் ரிஜிஸ்டரைப் புரட்டுவதோடு நிறுத்தாமல், மூட்டை தூக்குபவரைக் கூப்பிட்டு, ஹெபடைட்டிஸ் ஊசி மூன்று தவணையும் போட்டாச்சா என்று அவரிடமே கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.