பாவ் முப்பது, கிலோ நூறு

தில்லித் தொடக்கப் பள்ளிகளில் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான்காம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியின் விடைத்தாளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கேள்வியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கால் கிலோ தக்காளி 30 ரூபாய். ஒரு கிலோ என்ன விலை?" அவள் 100 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 120 என்று திருத்தியிருக்கிறார்கள்.

மயூர் விகாரில் வாரச் சந்தை கூடும் நாளில் என்னோடு பை தூக்கி வருகிறவள் அவள். அங்கே தள்ளுவண்டிக்காரர் கூவுவதே "முப்பது பாவ், நூறு கிலோ" என்றுதான். பாவ் என்றால் கால் கிலோ. கூடுதலாக வாங்கினால் சலிசு. இது எந்தச் சந்தையிலும் உள்ள வழக்கம். கேள்வியில் 'அதே விலை வீதத்தில்' என்று சேர்த்திருந்தால் தகராறே இல்லை. வீட்டில் நான் அப்படிக் கேட்டதும் 120 என்று வாய்க்கணக்காகவே சொன்னாள்.

போன மதிப்பெண்ணுக்காக இதை எழுதவில்லை. (கொஞ்சம் அதற்காகவும்தான்.) 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி என்று பிள்ளைகள் சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். "35 ரூபாய்க்குப் பேனா வாங்கியபின் மீதி 15 ரூபாய். முதலில் கையில் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் 20 என்பார்கள். வாங்கிய பேனாவின் விலைகூட அதில் தேறாது.

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்கள் சிக்கலான விலைக் கணக்கை மனத்திலேயே போட்டார்கள். அதே அளவுக் கணக்கை வெறும் எண்ணாக, பள்ளிப் பாணியில் கொடுத்தால் திணறினார்கள். சந்தை வேலைக்குப் போகாமல் பள்ளியில் படிக்கும் 471 பிள்ளைகளுக்கு நிலைமை தலைகீழ். சந்தைக் கணக்கு ஒன்றில் அவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் தேறினார்.

அடுத்த தேர்வில் இப்படி ஒன்று கேளுங்களேன்: பாவ் 30, கிலோ 100. உங்களுக்கு அரைக் கிலோ போதும். பக்கத்து வீட்டாரோடு ஒரு கிலோவைப் பங்குபோட்டால் எவ்வளவு மிச்சம்?

என் பேத்தி 10 ரூபாய் என்றாள். உடனே, "அவங்க வீட்ல தக்காளி இருந்தா?" என்று கேட்டாள். இதற்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மயூர் விகாரிலிருந்து ஒரு பாட்டி