முழுக்குப் போட்டவர்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நெதர்லாந்தின் டென் கேட் நிறுவனம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘நெசவுக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் செயற்கைப் புல்லுக்குத் தாவியவர்கள்’ என்று அதில் ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஆலையில் 27 வருஷம் வீவிங் ஜாப்பராக, அதாவது தறிகளைச் சரிபார்த்து ஓடவைப்பவனாக, வேலை பார்த்தவன் நான்.

எங்கள் பகுதியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்) ஒன்றில் என் பேரன் ராத்திரியில் கால்பந்து ஆடுவான். போன மாதம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஓரம் பிய்ந்து சுருண்டு கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் பூசியிருந்த ரப்பர் பால் உதிர்ந்த இடத்தில் கறுப்புத் துணி தெரிந்தது. நீளவாட்டில் பாவும் குறுக்குவாட்டில் ஊடையுமாகத் தறியில் நெய்த துணி. இழை மட்டும் பட்டையான பிளாஸ்டிக். மறுநாள் துணியில் இழை எண்ணும் என் பழைய பிக் கிளாஸை (உருப்பெருக்கிக் கண்ணாடி) எடுத்துப் போய், மண்டியிட்டு எண்ணினேன். ஓர் அங்குலத்துக்குப் பாவு 24, ஊடை 15. அந்தத் துணியில் வரிசையாக ஊசிகள் குத்திப் பச்சை நூலை ஏற்றுகின்றன. மேலே வரும் கண்ணிகளை வெட்டிவிட்டால் புல். கம்பளம் செய்கிற அதே முறை. அந்தப் பச்சை நூலும் பிளாஸ்டிக் குருணையை உருக்கி, சிறு துளைகளில் பிதுக்கி, குளிரவைத்து இழுத்து, பாபினில் சுற்றி வருவதுதான். நூற்பு, நெசவு, ஊசி வேலை. இதில் எந்த இடத்தில் ஐயா அவர்கள் முழுக்குப் போட்டார்கள்?

டென் கேட்டின் தொடக்கம் என்று 1704 என்ற வருஷத்தைக் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். அதற்கும் புல்லுக்கும் இடைப்பட்ட காலத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த நிறுவனத்தின் ஊரான அல்மெலோவைச் சுற்றியுள்ள ட்வென்டே வட்டாரத்தில் குடியானவர்கள் வீட்டிலேயே தறி போட்டு லினன் நெய்தவர்கள். 1830-ல் நெதர்லாந்திலிருந்து பெல்ஜியம் பிரிந்தபோது பஞ்சாலைகள் நிறைந்த கெண்ட் நகரம் கைவிட்டுப் போயிற்று. தங்கள் ஆட்சியில் இருந்த ஜாவாவில் விற்கத் துணி வேண்டுமே என்று, மன்னர் முதலாம் வில்லியம் 1824-ல் தொடங்கிய வணிகக் கழகம் ட்வென்டேயைத் தேடி வந்தது. 1833-ல் தாமஸ் எய்ன்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர் ஹோர் என்ற ஊரில் நெசவுப் பள்ளி வைத்து, கயிற்றை இழுத்தால், ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா தானே பாயும் தறியைக் கற்றுக்கொடுத்தார். 1836-ல் நைவர்டால் என்று ஓர் ஊரே நெசவுக்காக எழுந்தது. அந்த ஊர் ஆலையும் டென் கேட்டும் 1957-ல் ஒன்றாயின. புல்லுக்கான நூலும் அதே நைவர்டாலில்தான் இழுக்கப்பட்டது. தாவியவர்கள் ஊரைக்கூட மாற்றவில்லை.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே ஜாவாவுக்குத் துணி போனது நம் கரையிலிருந்து. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது இங்கே நெய்த துணிக்காகத்தான். சோழமண்டலத் துணியைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். இதைத் தமிழ்ப் பத்திரிகை எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

அங்கே எல்லாரும் கரையேறிவிட்டதுபோல எழுதியிருப்பதும் சரியில்லை. இந்தோனேசியச் சந்தை போனபின், மலிவுத் துணியோடு போட்டி போட முடியாமல், 1960களிலும் 70களிலும் ட்வென்டேயில் ஆலைகள் வரிசையாக மூடின. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்கு அது தெரியும். எங்கள் ஆலை மூடியபோது தறிகளை எடைக்குப் போட்டார்கள். பாவு நூல் கோத்த அச்சும் விழுதும்கூடக் கழற்றவில்லை. என் பொறுப்பில் இருந்த கடைசித் தறி, பாவு ஏறினது ஏறினபடியே லாரியில் போனது. ‘வேறு தொழில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். கையில் இருந்த தொழிலை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. உங்கள் பத்திரிகையும் அன்று ‘நலிந்த தொழில்’ என்றுதான் எழுதியது. நெசவாளர் படம் உங்கள் பக்கங்களில் வருவது ஆகஸ்ட் 7 கைத்தறி நாளில் மட்டும். இரண்டு வருஷம் முன்பு அந்த நாளில் ராட்டையின் படத்தைப் போட்டு, கீழே ‘தறி’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அதற்கும் கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை, திருத்தமும் வரவில்லை. 40 வருஷமாகச் சந்தா கட்டி வாங்குகிறேன், அதனால்தான் இவ்வளவு உரிமையோடு எழுதுகிறேன்.

வரும் ஞாயிறு அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். பிய்ந்த புல்லின் அடிப்புறத்தைப் பேரன் கைபேசியில் எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அதையும் போடுங்கள். படத்தின் கீழே ‘நெய்த துணி’ என்று குறிப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
ஈரோடு