கப்பல்காரரின் கரைச் சந்திப்பு: நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மனின் தீர்த்தமும் இந்திர விழாவும் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரே கப்பலில் வேலை செய்த நாங்கள் குடும்பங்களோடு ஊரிக்காட்டில் ஒன்றுகூடினோம். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கப்பலில் இருபத்தாறு பேர் நின்றோம். ஐந்து பேர் இன்று எங்களோடு இல்லை. பதினாறு பேர் வந்து சேர்ந்தார்கள், ஒருவர் கைத்தடியோடு, ஒருவர் சக்கர நாற்காலியில். இந்த நாள் நல்லபடி நடக்கத் தோள்கொடுத்த எல்லோருக்கும் நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். வாயால் சொல்லப் போனால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

முதல் நன்றி அடுப்படிக்கு. ஒடியல் கூழ்தான் காய்ச்ச வேண்டும் என்று எல்லோரும் ஒரே பிடியாக நின்றோம், ஏனென்றால் கப்பலில் நாங்கள் அதிகம் கனவு கண்ட சாப்பாடு அது. விடிய நாலு மணிக்கே அயல் வீட்டு அக்காமார் வந்துவிட்டார்கள். நண்டு, இறால், கணவாய், மீன்தலை, மரவள்ளிக்கிழங்கு, பயித்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் கடகம் கடகமாக வந்து இறங்கின. ஒடியல் மாவை ஊறவைத்து, தண்ணீரை இறுத்து இறுத்துக் கயர்ப்பை எடுத்த பொறுமையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்து ஊற்றியபோது கிடாரத்தில் இருந்து எழும்பிய வாசம் கடற்கரை வரை போயிருக்கும். கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா கோலித் தந்த ஐயாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. கப்பலின் மேல்தட்டு ஆட்களுக்குத் தலைவரான எங்கள் போசன், தெற்கே காலி ஊரில் இருந்து மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாவுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது, அக்காமாருக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் பத்து மணிக்குள் அவர் அகப்பை பிடித்துக் கூழ் துழாவிக்கொண்டு நின்றார். அவர் கொண்டுவந்த கலு தொதல் என்ற கறுப்பு இனிப்பைப் பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள்.

அன்னபூரணி என்ற கப்பலைக் கட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது போசனின் நெடுநாள் ஆசை. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல், 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ப் பிடித்தது. ஓட்டிப்போனதும் எங்கள் ஊர்த் தண்டயலும் (பாய்க்கப்பல் தலைவர்) எங்கள் ஊர் ஆட்களும்தான். இரவுக் காவலில் இதை நான் அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், நல்ல வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்று கதை சொன்ன பெரியவருக்கு எங்கள் நன்றி.

மத்தியானம் சோளகக் காற்றுக் கிளம்பி, பந்தலின் ஒரு பக்கப் படங்கைத் தூக்கிவிட்டது. சனசமூக நிலையப் பெடியள் ஓடிவந்து பிடித்திராவிட்டால் பந்தியே குழம்பியிருக்கும். அவர்கள் பிடித்து நிற்க, எழுபத்திரண்டு வயதான எங்கள் ஏ.பி. (கைதேர்ந்த மாலுமி) அண்ணை எழும்பிப் போய்க் கயிற்றை வாங்கினார். வாதம் பிடித்த விரல்கள், சேர்ட் பொத்தான் பூட்டவே மகள் வேண்டும். அந்த விரல்கள் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்த முடிச்சு, மறுநாள் பந்தல் பிரிக்கும்வரை அசையவில்லை.

இனி, முப்பது வருடமாகச் சொல்லாமல் கிடந்த ஒரு நன்றி.

1995 ஒக்டோபர் 30. டர்பனில் இருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் ரேடியோ ஒபிசர் மேல்தட்டில் நீளமாகக் கம்பி இழுத்துக் கட்டிச் சிற்றலையில் பி.பி.சி. தமிழோசை பிடித்துத் தருவார். சண்டையால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்கிறது என்பதை அவருடைய அறைக்குள் நெருக்கி நின்றுதான் கேட்டோம். என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அப்போது சுன்னாகத்தில் இருந்தார்கள். கப்பலில் மோர்ஸ் அடிக்கும் ஒபிசர் 1999 பெப்ரவரியோடு தேவையில்லாமல் போய்விட்டார், எல்லாம் சற்றலைட் ஆகிவிட்டது. அந்த நாட்களில் எங்களுக்கும் கரைக்கும் இடையில் இருந்தது அவர் ஒருவர்தான். தூக்கத்தை விட்டுக் கொழும்பில் உள்ள உறவினருக்குத் தந்திக்கு மேல் தந்தி அனுப்பினார். ஒரு சதம் வாங்கவில்லை.

அதே நேரம் என் மனைவி, சின்னவனை இடுப்பிலும் மூத்தவளைக் கையிலுமாக, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தாள். அவளுடைய பையில் என் பழைய கடிதம் ஒன்று. அதன் பின்பக்கத்தில், என் கபினில் மேல்கட்டிலில் படுக்கும், எஞ்சின் அறையில் எண்ணெய் விடும் ஒயிலரின் சாவகச்சேரி விலாசத்தை எழுதியிருந்தேன், ஏதும் அவசரமென்றால் என்று. அந்தப் படலையை அவள் தட்டியபோது உள்ளே ஏற்கெனவே நாற்பது பேர். ஒயிலரின் தாய், நாங்கள் ஆச்சி என்று சொல்வோம், அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "எங்கட பெடியனோட கப்பலில நிக்கிற பெடியன்ர பெஞ்சாதியெல்லே. உள்ள வா பிள்ளை, முதல்ல தலையைத் துடை."

ஆறு மாதம், சித்திரையில் திரும்பிப் போகும்வரை, ஆச்சியின் சாமியறையில் என் பிள்ளைகள் படுத்தார்கள். நானும் ஒயிலரும் மேலும் கீழுமாகக் கட்டிலில் கிடந்து ஆளுக்காள் தேற்றிக்கொண்டிருந்தோம். இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தை மாதம் கழிந்து, ஏஜெண்ட் கொண்டுவந்த கடிதத்தில்தான் அறிந்தோம்.

அந்த வீடு 2000ஆம் ஆண்டுச் சண்டையில் போய்விட்டது. ஆச்சியும் இல்லை. ஆச்சியின் பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். என் மகள் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். ஆச்சியின் பேரப்பிள்ளைகளைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதாள், நாங்கள் ஒருவரும் தடுக்கவில்லை. ஆச்சிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சந்திப்பையே நான் தொடங்கினேன்.

காரைநகரில் இருந்து, கப்பலில் திருத்த வேலை பார்த்த எங்கள் பிற்றரின் மனைவி வந்தார். பிற்றர் இறந்து ஒன்பது வருடம். பொலித்தீன் பைக்குள் சுற்றிய அவருடைய சி.டி.சி. புத்தகத்தை, அதாவது மாலுமியின் கடற்சேவைப் பதிவுப் புத்தகத்தை, மேசையில் வைத்து, "இவர் எங்கெங்க போனவர் எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ தம்பி" என்றார். ஏறின, இறங்கின துறைமுகங்கள்தான் அதில் முத்திரையாக இருக்கும். சிங்கப்பூரில் ஏறினது, ரொட்டர்டாமில் இறங்கினது என்று நான் வாசிக்க, இடையில் தொட்ட ஊர்களைக் கூட நின்றவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பிரேசிலின் சன்ரோஸில் பனிக்காய்ச்சல் வந்தது, கொரியாவின் பூசானில் மகளுக்கு உடுப்பு வாங்கினது. "அந்த மஞ்சள் சட்டையோ" என்று மட்டும் கேட்டார். அக்கா, எங்களை நம்பி அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டினதுக்கு நன்றி.

வளவைத் தந்த குடும்பத்தினர், கதிரையும் பந்தலும் ஏற்றி இறக்கிய தம்பிமார், மன்னார் ஆட்களை இரவோடு இரவாகப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த வான் சாரதி, படம் எடுத்த மருமகன், வர முடியாமல் கனடாவில் இருந்து வீடியோவில் முகம் காட்டிய இரண்டு நண்பர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பந்தலுக்குள் சின்னப் பிள்ளையின் வெள்ளிக் கொலுசு ஒன்றும், மூடியில் நங்கூரம் வரைந்த எவர்சில்வர் கரியர் ஒன்றும் கிடந்தன. என் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் எப்போதும் வந்து எடுக்கலாம், தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
கப்பல் நண்பர்கள் சார்பில்,
முன்னாள் மோட்டார்மன் (கப்பல் எஞ்சின் அறை ஊழியர்),
ஊரிக்காடு, வல்வெட்டித்துறை.