சந்தா கட்டுவதற்கு முன்

கிளிநொச்சி

அன்பு மகனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் தங்கச்சியும் நானும் நலம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, வன்னியின் சிறு குளங்களைப் பற்றிய உன் ஆய்வுக்கு வேண்டிய தரவுகள் இணையத்தில் கிடைக்கவில்லை என்றும், அதற்காக மாதச் சந்தா கட்டும் சேவையொன்றில் சேரப்போவதாகவும், கூகுள் ட்ரைவ் நிரம்பிவிட்டதால் பணம் கட்டி இடம் வாங்கப்போவதாகவும் சொன்னாய். மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் ஒரு ரூபாயையேனும் இதற்குச் செலவழிக்கும் முன் இந்தக் கடிதத்தை நிதானமாக வாசி. பிரதேச சபை நூலகத்தில் வாசகர்கள் கேட்பதைத் தேடிக்கொடுப்பதே என் அன்றாட வேலை என்பதால், உனக்கு இலவசக் கருவிகளே போதும் என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் நீ தேடிய இடத்தைப் பார்ப்போம். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தளத்தில் ஒன்றுமில்லை என்றாய். 80 ஹெக்டேயருக்கு மேற்படாத வயல்நிலத்துக்கு நீர் பாய்ச்சும் குளங்கள் சிறு குளங்களாகக் கணிக்கப்படுகின்றன. அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருபவை. ஆகவே நீ தட்ட வேண்டிய கதவே வேறு. அதுபோலவே, கிளிநொச்சி 1984ஆம் ஆண்டில்தான் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முந்திய அறிக்கைகளையும் கணக்கெடுப்புகளையும் கிளிநொச்சி மாவட்டம் என்ற பெயரில் தேடினால் எந்தக் கருவியாலும் காட்ட முடியாது. யாழ்ப்பாண மாவட்டத்தின் கீழ் தேடு.

அடுத்தது தேடும் முறை. அண்மையில் ஒரு கமக்கார அமைப்பின் செயலாளர், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வேண்டுமென்று நூலகத்துக்கு வந்திருந்தார். அவர் தம் கைபேசியில் தேடியபோது செய்தித் துணுக்குகளும் முகநூல் பதிவுகளுமே வந்திருக்கின்றன. நான் சட்டத்தின் பெயரை இரட்டை மேற்கோட்குறிக்குள் இட்டு, அதன் பின்னர் ஆங்கிலத்தில் சைட் என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் ஜி.ஓ.வி. புள்ளி எல்.கே. என்பதையும் இடைவெளி விடாமல் தட்டினேன். அப்படிச் செய்தால் இலங்கை அரசின் தளங்களுக்குள் மட்டும் கூகுள் தேடும். ஃபைல்டைப் என்ற சொல்லை அதேபோல முக்காற்புள்ளியோடும் பி.டி.எவ். என்பதோடும் சேர்த்தபோது முழு ஆவணங்கள் மட்டும் எஞ்சின; அவர் கேட்ட சட்டம் முதற்பக்கத்திலேயே இருந்தது. வேண்டாததை விலக்குவதும் இதேயளவு பயன் தரும். வன்னி என்று மட்டும் தட்டினால் வன்னி மரமும் தமிழ்நாட்டு வன்னியர் பற்றிய செய்திகளும் கலந்து வரும்; வேண்டாத சொல்லின் முன் இடைவெளியின்றி ஒரு கழித்தல் குறியை இட்டால் அவை விலகிவிடும்.

எழுத்துக்கூட்டலில் நீ மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட கைநூலின் தலைப்பில், முல்லைத்தீவின் ஆங்கிலப் பெயரில் ரீ என்ற எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வரும். இன்றைய அரச ஆவணங்களில் ஒரு முறைதான் வருகிறது. குளங்களின் பெயர்களோ இன்னும் பல வடிவங்களில் கிடக்கின்றன: குளம் என்பதைச் சேர்த்து எழுதியவர்களும் உண்டு, பிரித்து எழுதியவர்களும் உண்டு. ஒவ்வொரு குளத்துக்கும் நீ காணும் எல்லா வடிவங்களையும் குறித்துவைத்து, அவற்றுக்கிடையே ஓ.ஆர். என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டு ஒரே தடவையில் தேடு.

நம் நாட்டுத் தமிழ் ஆவணங்களில் இன்னொரு தடை இருக்கிறது. இதை யாரும் உனக்கு வகுப்பில் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். பல அலுவலக அறிக்கைகளும் நினைவு மலர்களும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அதனால் இன்று கைபேசியிலும் கணினியிலும் பொதுவாக வழங்கும் யூனிகோட் தமிழில் தட்டும் எந்தச் சொல்லும் அவற்றில் அகப்படாது. கோப்பு கண்முன்னே திறந்திருந்தாலும் 'இல்லை' என்றே வரும். யூனிகோட்டைப் பாமினியாக மாற்றும் இலவச எழுத்துமாற்றிகள் இணையத்தில் உண்டு. உன் சொல்லை அதில் மாற்றி, வருகின்ற பொருளற்ற எழுத்துக்கோவையைக் கோப்பின் தேடற்பெட்டியில் ஒட்டு. சொல் இருக்கும் பக்கத்துக்கு உன்னை அழைத்துச் செல்லும். கூகுளிலும் சில வேளைகளில் இது பலன் தரும். பணம் கட்டி வாங்கும் சேவை இந்த வேலையை உனக்காகச் செய்யும் என்று எண்ணாதே.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத் தளத்தை நீ பாடப்புத்தகங்களுக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறாய். ஊர் மலர்களும் பிரதேச ஆய்வுகளும் பழைய பத்திரிகைகளும் அங்கே இருக்கின்றன. அவற்றிற் பல பக்கங்களின் படங்களாகவே இருப்பதால் உள்ளே உள்ள சொற்களைக் கொண்டு தேட முடியாது. தலைப்பு, ஆண்டு, பொருளடக்கம் ஆகியவற்றின் வழியே போக வேண்டும். வேண்டிய பக்கம் கிடைத்ததும் அதைத் தனிக் கோப்பாக ட்ரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸ் கொண்டு திற. படத்திலுள்ள தமிழ் எழுத்துகளை அது திருத்தக்கூடிய எழுத்தாக்கித் தரும். மங்கிய பக்கங்களில் ரகரத்தையும் அரவையும் (ா) அது மாற்றி எடுக்கும் என்பதால், மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடாமல் ஆய்வேட்டில் ஒட்டிவிடாதே. பெரிய நூலை முழுதாக ஏற்றாமல் சில பக்கங்களாகப் பிரித்து ஏற்று.

ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கூகுள் ஸ்கொலர் இருக்கிறது. பணம் கேட்கும் கட்டுரை வந்தால் மூடிவிடாமல், அதன் கீழுள்ள எல்லாப் பதிப்புகளும் என்ற இணைப்பை அழுத்திப் பார். ஆசிரியரே தம் பல்கலைக்கழகத் தளத்தில் இட்ட இலவசப் பிரதி பல வேளைகளில் அங்கே இருக்கும். அரச தளங்களில் முகவரி மாறி மறைந்துபோன பக்கங்களை இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடு. நீ மேற்கோள் காட்டப்போகும் பக்கங்களையும் இன்றே அங்கு சேமித்துவை. மேற்கோள் பட்டியலுக்கு ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருள் போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் விளக்கம் கேள், ஆனால் அவை தரும் நூற்பெயர்களை நம்பிவிடாதே. இல்லாத நூலுக்கும் ஆண்டும் பக்கமும் சொல்லக்கூடியவை அவை. ஒவ்வொன்றையும் ஸ்கொலரிலோ நூலகப் பட்டியலிலோ கண்ட பின்னரே எழுது.

இடம் போதாது என்பதற்கு வருகிறேன். இலவசமாகத் தரப்படும் 15 ஜி.பி.யை ஜிமெயில், ட்ரைவ், போட்டோஸ் ஆகிய மூன்றும் பங்கிடுகின்றன. 2021 ஜூன் முதல் புதிதாக ஏறும் படங்கள் யாவும் அதற்குள் கணக்கிடப்படுகின்றன. இப்போது அன்ட்ரொயிட் கைபேசியின் வாட்ஸ்அப் காப்புப்பிரதியும் அதிலேயே சேருகிறது. உன் இடத்தை நிரப்பியவை ஆய்வுக் கோப்புகளாக இருக்காது, குழுக்களில் வந்த காணொளிகளாகவே இருக்கும். வாட்ஸ்அப் காப்புப்பிரதியில் காணொளிகளை நிறுத்திவிடு. ட்ரைவின் சேமிப்பிடப் பக்கத்தில் கோப்புகள் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படும். மேலே இருப்பவற்றை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய். பல்கலைக்கழகம் தந்த கணக்கில் உள்ளவற்றைப் பட்டம் முடியும் முன்பே உன் சொந்தக் கணக்குக்கு மாற்று.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். 2009இல் நாங்கள் கைவிட்டு வந்த பெட்டியோடு காணி உறுதியும் உன் பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் நியமனக் கடிதமும் போயின. அவற்றுக்குப் பிரதி எடுக்க அப்பா அலைந்த அலைச்சலை நீ சிறுவனாக இருந்து பார்த்தாய். இன்று அந்தப் பத்திரங்களை ட்ரைவ் செயலியின் வருடியால் எடுத்து, ஆண்டும் பெயரும் இட்டு இரண்டு கணக்குகளில் வைத்திருக்கிறேன். நீயும் உன் சான்றிதழ்களை அப்படியே வை. ஆனால் கோப்புகளை இணைத்துத் தருகிறோம், மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் அறியாத தளங்களில் அடையாள அட்டையையோ சான்றிதழையோ ஒருபோதும் ஏற்றாதே. இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத கணக்கைக் கூகுள் நீக்கக்கூடும் என்பதையும் மனதில் வை. கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அது தரும் 10 காப்புக் குறியீடுகளை அச்சிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்பு; கைபேசி தொலைந்தாலும் கணக்கு உன் கையில் இருக்கும்.

இப்போது ஒரு வேலை. குளங்களின் பெயர்களைக் கூகுள் ஷீட்ஸில் ஒரு விரிதாளாக்கி, தமிழ்ப் பெயர், ஆங்கில வடிவங்கள், கமநல சேவை நிலையம், ஆதாரம் என்று நிரல்கள் இட்டு, திருத்தும் அனுமதியோடு எனக்குப் பகிர். காலையில் பத்திரிகை வாசிக்க வரும் முதியவர்களுள் குளக்கட்டிலேயே வளர்ந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, ஊர் வழக்கிலுள்ள பெயர்களையும் தூர்ந்துபோன குளங்களையும் நான் நிரப்பித் தருகிறேன். புதன்கிழமைக்குள் அனுப்பினால், வார இறுதிக்குள் முதற்பகுதியை முடித்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா