மணி நின்று பார்க்கும் நேரம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டோம். என் முழங்கால் வலி இப்போது தேவலை. காலையும் மாலையும் என் நாய் மணியோடு நடக்கிறேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த விஷயம்தான் மனதிலேயே நிற்கிறது. முயலைப் பார்த்து உன் நாய் பாய்ந்தது, நீ தொண்டை வறளக் கூப்பிட்டது, இரண்டு மணி நேரம் கழித்து அது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது, பயமும் கோபமுமாக நீ அதை அடித்தது.

அந்த அடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இனி வேண்டாம்டா. அந்த அடி அதன் மனதில் முயலோடு சேராது. கடைசியாக என்ன செய்ததோ அதோடுதான் சேரும். கடைசியாக அது செய்தது, உன்னிடம் திரும்பி வந்தது. மணியிடம் நானும் இதே தப்பைச் செய்தேன். அப்புறம் கூப்பிட்டால் வருவான், ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று என் முகத்தையே பார்ப்பான். அந்தப் பார்வையை மாற்ற எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

நாய் ஏன் ஓடுகிறது என்று புரிந்தால் கோபம் பாதி குறையும். வேட்டை என்பது ஒரே செயல் இல்லை; படிப்படியாக வருவது. கவனிப்பது, கண்ணை நாட்டுவது, பதுங்கிப்போவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. மனிதர்கள் பல தலைமுறைகளாக இதில் தங்களுக்கு வேண்டிய படியைத் தூக்கலாக்கி, வேண்டாததைக் குறைத்து வளர்த்திருக்கிறார்கள். ஆட்டுமந்தைக்கு வளர்த்த பார்டர் கோலி என்ற நாயினம் உற்றுப் பார்த்துப் பதுங்கும். ரிட்ரீவர் பல் பதியாமல் கவ்விக்கொண்டு வரும். கிரேஹவுண்டுக்கு அசைவு கண்ணில் பட்டால் போதும். பீகிள் மூக்கை மண்ணில் வைத்துவிட்டால் காது கேட்காததுபோல் போய்க்கொண்டே இருக்கும். நாம் வளர்த்த குணத்தை நாமே அடித்து விரட்டப் பார்ப்பது நியாயமில்லை.

இதில் முக்கியமானது, துரத்துவதற்கு வேறு பரிசு தேவையில்லை என்பது. முயல் அகப்படாவிட்டாலும் அந்த ஓட்டமே நாய்க்குப் பெரும் இன்பம். ஒவ்வொரு ஓட்டமும் அடுத்த ஓட்டத்துக்கான பழக்கம். அதனால் பயிற்சி நடக்கிற மாதங்களில் அதற்கு ஓடும் வாய்ப்பே கிடைக்கக் கூடாது. 10 முதல் 15 மீட்டர் நீளமுள்ள பட்டைக் கயிறு ஒன்று வாங்கு. அதைக் கழுத்தில் மாட்டாதே, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் மாட்டு; முழு வேகத்தில் ஓடிக் கயிறு இழுபட்டால் கழுத்துக்கு ஆபத்து. கயிற்றை உன் கையில் சுற்றிக்கொள்ளவும் செய்யாதே.

விசில் ஊதினால் திரும்பி வரும் பயிற்சியை வீட்டுக்குள்ளேயே ஆரம்பி. நாய் உன் பக்கத்தில் இருக்கும்போதே ஊது, உடனே அதற்கு மிகப் பிடித்த இறைச்சித் துண்டைக் கொடு. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களிடம் கண்டது இதுதான்: சத்தம் கேட்டால் சாப்பாடு என்பது யோசிக்காமல் வரும் பதிலாகிவிடும். அப்புறம் அடுத்த அறை, பிறகு வெளியே. குளிப்பாட்டுவதற்கோ விளையாட்டை நிறுத்துவதற்கோ அந்த விசிலை ஊதாதே. நாய் முழு வேகத்தில் துரத்திக்கொண்டிருக்கும்போதும் ஊதாதே. கேட்டும் வராமல் இருக்க ஒரு முறை பழகிவிட்டால் விசிலுக்கு மதிப்புப் போய்விடும்.

ஆனால் விசிலை நான் பெரிதாக நம்பவில்லை. எனக்குக் கைகொடுத்தது வேறு. ஓடுவதற்கு முன் மணி ஒரு நொடி, சில சமயம் இரண்டு நொடி, நிற்பான். திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும். காது முன்னால் வரும், வால் அசைவது நின்றுவிடும், ஒரு முன்னங்கால் பாதி தூக்கியபடி இருக்கும். மூன்று வருடம் அவனோடு நடந்தும் இதை நான் கவனித்ததில்லை. ஓட ஆரம்பித்த பிறகு கத்துவதுதான் எனக்குத் தெரிந்திருந்தது. நாம் பேசினால் அவன் காதில் விழும் நேரம் அந்த இரண்டு நொடிதான்.

முதலில் அவன் நிற்பதையே பாராட்டினேன். என் பக்கம் திரும்பும்படி சொல்லவில்லை, கயிற்றை இழுக்கவில்லை. மெதுவான குரலில் 'பார், பார்' என்பேன், நின்ற இடத்திலேயே துண்டைக் கொடுப்பேன். தின்னக்கூட முடியாமல் விறைத்து நின்றால் விலங்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இருவரும் பின்னால் போய்விடுவோம். சில வாரம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் ஒரு கௌதாரியைப் பார்த்துவிட்டு அவனாகவே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959இல் எழுதிய கருத்து ஒன்று இதில் மிகவும் உதவியது. ஒரு உயிர் அதிகம் விரும்பும் செயலையே, அது குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்பது அது. வேட்டை மனநிலையில் நிற்கும் நாய்க்குத் தலையைத் தடவுவது பரிசே இல்லை. அதனால் மணி என் பக்கம் திரும்பினால் எதிர்த்திசையில் பந்தை உருட்டுவேன், அவன் துரத்துவான். அல்லது புல்லில் துண்டுகளை வீசி மோப்பம் பிடித்துத் தேட விடுவேன். சில சமயம் இன்னும் கொஞ்ச நேரம் அந்த விலங்கைப் பார்க்க விடுவதே பரிசு. வேட்டையைப் பறிக்காமல், அதில் ஒரு பங்கை என்னோடு சேர்ந்து செய்யக் கொடுக்கிறேன்.

உன் பக்கத்து வீட்டுக்காரர் மின்சார அதிர்ச்சி தரும் காலரைச் சொன்னதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து வாங்காதே. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் 63 நாய்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட அந்தக் காலரால் எந்த நன்மையும் தெரியவில்லை. பரிசால் பழகியவைதான் சொன்னதைச் சீக்கிரம் கேட்டன. வேல்ஸில் 2010லிருந்தே அதற்குத் தடை. வலி வரும் நேரத்தில் எதிரே ஒரு குழந்தை நின்றால், நாய் அந்த வலியைக் குழந்தையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தனையும் நாய் தொலையாமல் இருக்க மட்டும் இல்லை. துரத்தப்படும் பக்கத்தையும் நினைத்துப் பார். சினையாக இருக்கும் மான் ஓடிக் களைப்பது, தரையில் அடைகாக்கும் பறவை முட்டையை விட்டு எழுந்து போவது, இதெல்லாம் நம் கண்ணில் படுவதே இல்லை. உலகில் 11 முதுகெலும்புள்ள உயிரினங்கள் அழிந்ததில் நாய்களுக்குப் பங்கு உண்டு, குறைந்தது 188 இனங்களுக்கு அவற்றால் ஆபத்து என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் தெருவிலும் காட்டிலும் திரியும் நாய்களும் சேர்த்திதான். ஆனால் 2007இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஆய்வு நம்மைப் போன்றவர்களைப் பற்றியது. கயிற்றில் கட்டிய நாயோடு நடந்த பாதைகளிலேயே பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும், இன வகை 35 சதவீதமும் குறைந்திருந்தது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது பறவைகள் கூடுகட்டும் மாதங்களில் அவை இருக்கும் பக்கமே போவதில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது மீட்டர் தள்ளி ஒரு மான் புதரிலிருந்து வெளியே வந்தது. மணியின் வாய் மூடியது, கால் தூக்கியது. நான் அசையாமல் நின்றேன். மான் எங்களைப் பார்த்துவிட்டு ஓடியது. அவன் உடம்பு முழுக்க நடுங்கியது, ஆனால் ஓடவில்லை. திரும்பி என்னிடம் நடந்து வந்தான். பையில் இருந்ததை எல்லாம் அவன் முன்னால் கொட்டிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் கயிறு போட்டுத்தான் இருந்தேன். விடியலிலும் அந்தியிலும் விலங்குகள் நடமாடும் நேரத்தில் அவனை அவிழ்த்து விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சில நாய்களை என்றுமே அவிழ்த்து விட முடியாமல் போகலாம். உன்னுடையது அப்படி இருந்தாலும் வருத்தப்படாதே. நீளக் கயிற்றில் அது நன்றாகவே வாழும்.

முதல் வாரம் விசிலை வீட்டுக்குள் மட்டும் ஊது. வெளியே போகும்போது எதுவும் செய்ய வேண்டாம், கவனித்தால் போதும். எதைப் பார்த்தால், எவ்வளவு தூரத்தில், அதன் வாய் மூடுகிறது என்று குறித்து வைத்து அடுத்த கடிதத்தில் எழுது. அதைப் பார்த்துவிட்டு மேலே என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்